பிரிக்காமல் விட்ட ஷாக்

பாயின் கடையில் என் மேசைக்கு இப்போது வந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலைப்பாதை சைக்கிளில் குலுக்கலைத் தாங்குகிற பின் ஷாக்கில் எவ்வளவு காற்று அடிப்பது, எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்குவது என்றெல்லாம் இதில் எழுதப் போவதில்லை. அதெல்லாம் கம்பெனிக்காரர்கள் கொடுத்த புத்தகத்தில் இருக்கிறது. மேசையின் இரண்டாவது இழுப்பறையில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடக்கும். நான் படிக்கவில்லை, நீங்களாவது படியுங்கள்.

நான் எழுதப்போவது ரேவதியின் வண்டியைப் பற்றி. நான் வேலையை விடுவதற்கு முந்தைய வருஷம் நடந்தது. முப்பத்தைந்து வருஷம் உத்திரமேரூரில் சைக்கிள் வேலை செய்ததில், அன்று மத்தியானம் மூன்று மணிக்கு வியர்த்த மாதிரி எனக்கு ஒருநாளும் வியர்த்ததில்லை. இன்றைக்கும் நினைத்தால் வலது கையை ஒருமுறை விரித்து, விரல்களை எண்ணிப் பார்த்துக்கொள்கிறேன். ஐந்தும் இருக்கிறது.

ரேவதிக்குப் புள்ளலூர். அப்பா ஏழுமலை, நெல் விவசாயி. முன்னால் மட்டும் ஷாக் இருந்த ஒரு பழைய வண்டியை வைத்துக்கொண்டு, வரப்பிலும் ஏரிக்கரையிலும் ஓட்டிப் பழகி, ஜில்லா போட்டியில் ஜெயித்துவிட்ட பெண் அவள். அதற்குப் பிறகு சென்னையில் யாரோ ஓட்டிச் சலித்து விற்ற, பின்பக்கமும் ஷாக் இருக்கிற வண்டி ஒன்று அவளுக்குக் கிடைத்தது. அதைத் தள்ளிக்கொண்டு அப்பாவும் மகளும் முதன்முதலாகக் கடைக்கு வந்த அன்றே எனக்கும் அந்த வண்டிக்கும் சண்டை ஆரம்பித்துவிட்டது.

சண்டைக்குக் காரணம் என் வாய். ஷாக்கில் அடிக்கிற காற்று ஓட்டுகிறவரின் எடையைப் பொறுத்தது. அதனால் கடையில் நாலு பேர் நிற்கும்போதே, "இன்னா வெயிட்டும்மா நீ?" என்று கேட்டுவிட்டேன். அவள் ஒரு வினாடி அப்பாவைப் பார்த்தாள். "நாப்பத்தெட்டு" என்றாள்.

நாற்பத்தெட்டுக்குத் தக்கபடி அடித்தேன். அவள் ஏறி உட்கார்ந்தாள். ஓட்டுகிறவர் உட்கார்ந்ததும் ஷாக் கொஞ்சம் இறங்க வேண்டும். நீங்கள் அதை ‘ஸேக்’ என்பீர்கள், நான் இறக்கம் என்பேன். அது எவ்வளவு என்று காட்ட ஷாக்கின் தண்டின் மேல் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அந்த வளையம் பாதித் தண்டைத் தாண்டிப் போய் நின்றது. காற்று கசிகிறது என்று முடிவு கட்டினேன். சோப்பு நுரை போட்டுப் பார்த்தேன், வால்வை மாற்றினேன், ஒருமணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் பாய் கல்லாவை விட்டு எழுந்து வந்து என் காதோரம் குனிந்தார்.

"மேஸ்திரி, வயசுப் பொண்ணாண்ட நாலு பேரு முன்னாடி வெயிட்டு கேட்டா அது இன்னா சொல்லும்? வளையத்தக் கேளுய்யா. அதுக்குக் கூச்சம் இல்ல."

பக்கத்து விதைக் கடையில் மூட்டை நிறுக்கும் தராசில் பிற்பாடு அவளே போய் ஏறி நின்று பார்த்திருக்கிறாள். எவ்வளவு என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. தலைக்கவசம், முதுகில் தண்ணீர்ப் பை எல்லாவற்றோடும் உட்காரவைத்து, வளையத்தைப் பார்த்துக் காற்று அடித்தேன். பதின்மூன்று மில்லிமீட்டர் இறக்கத்தில் வண்டி அவளுக்குச் சரியாக அமைந்தது. ஏரிக்கரையில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "மாமா, மெத்த மாதிரி கீது" என்றாள். சுவரில் மாட்டியிருந்த நோட்டில் அவள் பெயரைப் போட்டு, எதிரில் 13 என்று எழுதிவைத்தேன். இப்படி ஆளுக்கு ஒரு எண் எழுதிவைக்கிற பழக்கம் எனக்கு அப்போது ஏற்பட்டதுதான். அந்த நோட்டு இன்னும் அங்கேயே இருக்கிறது, அதைத் தொலைத்துவிடாதீர்கள்.

ஏழெட்டு மாதம் போயிற்று. மாநில அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வு, பழையசீவரம் மலையடியில் நடப்பதாக அறிவிப்பு வந்தது. ரேவதிக்கு அந்த வருஷம்தான் கடைசி. அந்தப் பிரிவுக்கு வயது வரம்பு உண்டு, அடுத்த பிறந்தநாள் வந்தால் தாண்டிவிடும். வீட்டில் கல்யாணப் பேச்சையே அந்தத் தேர்வுக்காகத் தள்ளிவைத்திருந்தார்கள் என்று ஏழுமலை ஒருமுறை என்னிடம் சொல்லியிருந்தார்.

தேர்வுக்கு முந்தைய நாள் மத்தியானம், சாப்பாட்டை முடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். லோடு ஆட்டோ ஒன்று கடை வாசலில் வந்து நின்றது. முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏழுமலை. பின்னால் ரேவதி, வண்டியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். முகம் செத்துப்போய் இருந்தது.

"மாமா, பின்னாடி குந்திகினு கீது. எழும்பவே மாட்டேன்து."

ஷாக் முழுக்க இறங்கி, பின்பக்கம் படுத்த மாடு மாதிரி தரையோடு கிடந்தது. வால்வைத் திறந்தேன். புஸ்ஸென்று காற்று போனது, ஆனால் ஷாக் அசையவில்லை. சரி, அடித்துப் பார்ப்போம் என்று பம்ப்பை மாட்டினேன். முள் ஏறிற்று. இருநூறைத் தாண்டியது, இருநூற்றைம்பதும் ஆயிற்று. அப்போதும் அசையவில்லை. மறுபடி காற்றை விட்டேன். அதே கதைதான்.

கடையில் அப்போது ஆறேழு பேர் இருந்தார்கள். நம் ஊரில் ஒரு வண்டி படுத்துவிட்டால் வேடிக்கை பார்க்க ஆள் சேர்வதற்கு அழைப்பிதழ் வேண்டாம், உங்களுக்கே தெரியும். "பிரிச்சிப் பாத்துடு மேஸ்திரி" என்றார் ஒருவர். "எத்தினி பம்ப்செட்டு பிரிச்ச கை அது" என்றார் இன்னொருவர். ஏழுமலை இரண்டு கையையும் மார்போடு கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாக, "உன்னத்தான் நம்பி வந்துகீறோம் மேஸ்திரி" என்றார்.

நம்புகிறேன் என்று ஒருவர் சொல்லும்போது மூளை கொஞ்சம் வேலை நிறுத்தம் செய்துவிடுகிறது. ஷாக்கின் காற்றுக் குழாயைப் பிரிப்பது எனக்குப் புதிதில்லை. காற்றை விட்டுவிட்டால் கையாலேயே திருகிக் கழற்றலாம், பத்துப் பன்னிரண்டு தரம் செய்திருக்கிறேன். பழைய டியூப் ரப்பரை அதன்மேல் சுற்றி, அழுத்திப் பிடித்து, திருப்பினேன். அரைச் சுற்று வந்தது.

வந்த விதம் சரியில்லை. காற்றில்லாத குழாய் முதல் இழுப்பிலேயே இளகிவிடும். இது மரையில் கடித்துக் கடித்து வந்தது. உள்ளே யாரோ எதிர்ப்பக்கம் பிடித்துத் தள்ளுகிற மாதிரி ஒரு முறுக்கம். காற்றைத்தான் விட்டுவிட்டோமே, அப்புறம் யார் தள்ளுவது? இந்தக் கேள்வி மனசில் வந்ததும் என் கை அப்படியே நின்றுவிட்டது. பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

"இன்னாய்யா, நின்னுட்ட?" என்றார் பாய்.

"ஒரு போன் போட்டுக்கிறேன் பாய்" என்றேன்.

இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு கூச்சமாக இருந்தது என்று உங்களுக்குப் புரியாது. உங்களுக்குப் போன் என்பது மூக்கு மாதிரி, எப்போதும் முகத்திலேயே இருக்கிறது. என் காலத்தில், வாடிக்கையாளர் முன்னால் இன்னொருவரிடம் சந்தேகம் கேட்கிற மெக்கானிக்குக்கு அடுத்த நாள் வேலை இருக்காது. கூட்டத்தில் ஒருவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. காது சுட்டது. ஆனாலும் இடது கையால் எண்ணைத் தேடிப் போட்டேன். வலது கை இன்னும் குழாயின் மேல்தான் இருந்தது.

சென்னையில் இந்த ஷாக்குகளைச் சர்வீஸ் செய்கிற இடம் அது. ஒரு பெண் எடுத்தாள். குரலை வைத்துப் பார்த்தால் என் கடைசி மகளைவிடச் சின்னவள். நடந்ததைச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"காத்து விட்டும் எழும்பல, அடிச்சும் எழும்பல. சரியாண்ணா?"

"ஆமாம்மா."

"இப்ப உங்க கை எங்க இருக்கு?"

"குழா மேல."

"எடுங்கண்ணா. பேசுறத அப்புறம் பேசலாம். முதல்ல கைய எடுங்க."

எடுத்தேன். அவள் அதற்குப் பிறகுதான் விளக்கினாள். ஷாக்குக்குள் இரண்டு அறை. ஒன்று தூக்கிப் பிடிப்பது, இன்னொன்று எதிர்ப்பக்கம் இழுப்பது. நடுவில் ஒரு சீல் இருக்கிறது. அது கெட்டுப்போனால், நாம் அடிக்கிற காற்று எதிர் அறைக்குள் போய் மாட்டிக்கொள்ளும், திரும்பி வராது. வால்வைத் திறந்தால் காலியாவது ஒரு அறைதான். இன்னொன்றில் அவ்வளவு அழுத்தமும் அப்படியே அடைந்து கிடக்கும். நான் இருநூற்றைம்பது வரைக்கும் அடித்தேனே, அதையும் சேர்த்து. கடைசி மரை விடுபடுகிற நொடியில் குழாய் வெடித்துக் கிளம்பிவிடும் என்றாள்.

"எவ்வளவு திருப்பினீங்கண்ணா?"

"அரைச் சுத்து."

அந்தக் குழாயை மொத்தமாகப் பிடித்துக்கொண்டிருப்பதே சில சுற்று மரைதான் என்றாள். குரலை ஏற்றாமல், ஏதோ கடைக்குச் சாமான் சொல்கிற மாதிரி சொன்னாள். அவள் பதறியிருந்தால் நானும் பதறியிருப்பேன். எல்லாரையும் வெளியே அனுப்புங்கள், நீங்கள் பக்கவாட்டில் நில்லுங்கள், முகத்தை நேராகக் கொண்டுபோகாதீர்கள், திருப்பிய அரைச் சுற்றை வந்த வழியே மெதுவாகத் திருப்புங்கள், போகவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள் என்றாள்.

பாய்தான் எல்லாரையும் விரட்டினார். பாயின் குரலுக்கு அந்தத் தெருவே அடங்கும். சிரித்தவர்தான் முதலில் ஓடினார். கடைக்குள் நானும் வண்டியும் மட்டும். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, கையை நீட்டி, கண்ணால் பார்க்காமலே திருப்பினேன். அப்போது வியர்த்ததைத்தான் முதலில் சொன்னேன். சொட்டுச் சொட்டாக இல்லை, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கால் சுற்று போயிற்று, இன்னும் கொஞ்சம் போயிற்று, பிறகு நின்றது. பழைய இடத்துக்கே வந்துவிட்டது. கையை எடுத்துவிட்டுத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஷாக்கை வண்டியிலிருந்து கழற்றலாம், அதைப் பிரிக்க மட்டும் கூடாது என்று அவள் சொன்னாள். அதன்படி இரண்டு போல்ட்டையும் எடுத்து, ஷாக்கை மணல் நிரப்பிய பெயின்ட் வாளிக்குள் புதைத்தேன். கூரியரில் அனுப்பவேண்டாம், நாங்களே வண்டி அனுப்பி எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். பதற்றத்தில் அவள் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன்.

இத்தோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள், கஷ்டமான பகுதி இனிமேல்தான். வெளியே வந்து ரேவதியிடம் இதைப் பிரிக்க முடியாது என்றேன்.

"அப்ப நாளைக்கு?"

நான் கையில் ஒட்டியிருந்த மணலைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க பயந்துட்டீங்க மாமா" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "ஒரு வருஷமா இதுக்குத்தான் ஓட்டிகினு கீறேன். போன்ல யாரோ ஒரு பொண்ணு சொன்னா விட்டுடுவீங்களா?"

ஆமாம், பயந்துவிட்டேன் என்று சொன்னேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

ஏழுமலை அதுவரைக்கும் பொறுமையாக இருந்தவர், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "குடுத்துடு மேஸ்திரி. பஸ் ஸ்டாண்டாண்ட பைக்கு மெக்கானிக்கு கீறான். பல்சர் ஷாக்கெல்லாம் பிரிக்கிறவன். பத்து நிமிசத்துல பிரிச்சித் தருவான்."

"தர மாட்டேன்."

"எங்க பொருளு அது."

"உங்க பொருளுதான். இல்லன்னு சொல்லல. இன்னிக்கித் தர மாட்டேன்."

ஒரு வாடிக்கையாளரின் பொருளைத் தரமாட்டேன் என்று நான் சொன்னது வாழ்க்கையிலேயே அந்த ஒரு தடவைதான். அவர் கெட்டவர் இல்லை, மகளுக்காகத் துடிக்கிற மனிதர். அவர் இடத்தில் நான் இருந்தால் வாளியையே தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன். அவர் கடைக்குள் ஓர் அடி வைத்தார். பாய் அவசரமே படாமல் தன் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துவந்து, வாளிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"ஏழுமல, உனக்குக் கோவம் வந்தா என்ன அடிச்சிட்டுப் போ. நாளைக்கி நீ கை இல்லாம வந்து நின்னா நான் இன்னா பதில் சொல்றது? பேஜார் பண்ணாத, டீ சொல்றேன், குந்து."

ஏழுமலை உட்காரவில்லை. ஆனால் அடுத்த அடியும் வைக்கவில்லை. ரேவதிதான், பின்பக்கம் தொங்கிக் கிடந்த வண்டியைப் பார்த்தபடி கேட்டாள்.

"மாமா, என் பழைய வண்டில பின்னாடி ஷாக்கே இல்ல. நான் ஜெயிச்சது அதுலதான். இத அப்பிடி ஓட்ட முடியாதா?"

பழைய வண்டியை அவள் சித்தி மகளுக்குக் கொடுத்துவிட்டாள், அது இப்போது உருப்படியாக இல்லை. ஆனால் கேள்வி சரியான கேள்வி. அரை மணி நேரமாக நான் கேட்டிருக்க வேண்டியதை அவள் கேட்டுவிட்டாள். ஷாக் இருந்த இடத்தில் ஒரு கெட்டிக் கட்டையைப் போட்டுவிட்டால், பின்பக்கம் அசையாது, அவ்வளவுதான். சொகுசு போகும், வண்டி ஓடும்.

செங்கல்பட்டு ரோட்டில் போர்வெல் மோட்டாருக்குப் பாகம் கடைகிற லேத் பட்டறைக்கு நானும் ஏழுமலையும் ஓடினோம். அலுமினியத் தண்டு இருந்தது. லேத்துக்காரர் நல்ல வேலைக்காரர். ஷாக்கின் அளவைக் கேட்டார். ஷாக்கின் மேலேயே நூற்றுத் தொண்ணூறு மில்லி என்று எழுதியிருக்கிறது என்றார் ஏழுமலை. அவர் சுண்ணாம்புக் கட்டியால் தண்டில் நூற்றுத் தொண்ணூறைக் குறித்தும்விட்டார்.

"வேணாம். நூத்தி எழுபத்தேழு" என்றேன்.

"நூத்தித் தொண்ணூறுன்னு எழுதிகீதேய்யா!"

"அது வண்டி சும்மா நிக்கும்போது. அவ உக்காந்தா பதிமூணு எறங்கும். ஏழெட்டு மாசமா அந்த எறக்கத்துலதான் ஓட்டிப் பழகிகீறா. முழு அளவுல போட்டா பின்னாடி தூக்கிக்கும். மல எறக்கத்துல தலகுப்புற தள்ளிடும்."

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். நான் நோட்டில் இருந்த அந்த எண்ணைத்தான் நம்பினேன். கடைந்தார். போல்ட் போகிற துளைகளுக்கு உள்வளையங்கள் வேண்டும். பழைய ஷாக்கிலிருந்து தட்டி எடுத்துக்கொள்ளலாம் என்றார் ஏழுமலை. அதை யாரும் சுத்தியலால் தொடவேண்டாம் என்று சொல்லி அவற்றையும் புதிதாகக் கடையச் சொன்னேன்.

ஆறரை மணிக்கு வண்டியில் மாட்டினேன். ரேவதி ஏறி உட்கார்ந்து தெருவில் ஒரு சுற்று, ஏரிக்கரை மேட்டில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தாள். இறங்காமலே, "தடதடன்னு ஒதறுது மாமா. ஆனா அதே வண்டிதான்" என்றாள். இறக்கங்களில் சீட்டில் உட்காராதே, முழங்காலையே ஷாக் என்று நினைத்துக்கொள் என்று சொன்னேன். தாண்டிக் குதிக்காதே, வண்டியின் இந்தச் சட்டம் இப்படி ஓட்டுவதற்காகச் செய்ததில்லை என்றும் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவள் குதிக்கப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

மறுநாள் காலையில் கடையில் மூன்று டியூபுக்கு ஒட்டுப்போட்டேன், மூன்றையும் இரண்டாம் முறை ஒட்ட வேண்டியிருந்தது. கட்டை தாங்குமா, சட்டத்தில் விரிசல் விட்டால் என்ன ஆகும், மலையிறக்கத்தில் விட்டால் அவள் என்ன ஆவாள், இதே நினைப்புதான். பாய் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை என் போனை எடுத்துச் சத்தம் ஏற்றிவைத்திருக்கிறதா என்று பார்த்தார். பதினொன்றரைக்கு அது அடித்தது.

"மாமா, நாலு பேர எடுத்தாங்க. நான் நாலாவது!"

பின்னால் ஏழுமலை யாரிடமோ உரக்கப் பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. பாய் போனை வாங்கிக்கொண்டு, "பொண்ணே, மேஸ்திரி அழுவுறாரு, அப்புறம் பேசு" என்று வைத்துவிட்டார். அழத்தான் செய்தேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

ஒரு வாரம் கழித்துச் சென்னையிலிருந்து ஷாக்கைப் பற்றித் தகவல் வந்தது. முதலில் ஒரு போட்டோ, பிறகு ஒரு குரல் பதிவு. அதே பெண்தான். இரும்புத் தகட்டால் ஆன பெட்டிக்குள் ஷாக்கை வைத்துப் பூட்டி, வெளியிலிருந்து நீளக் கம்பியால் திருகிப் பிரித்திருக்கிறார்கள். குழாய் கிளம்பிப் போய்ப் பெட்டியின் உள்பக்கத்தில் அடித்த இடம் போட்டோவில் இருந்தது. ஒரு தேங்காய் மூடி அளவுக்குத் தகடு வெளியே உப்பியிருந்தது.

குரல் பதிவில் இன்னொன்றும் சொன்னாள். "அண்ணா, சீல்ல மஞ்சளா, செவப்பா ஒரு பொடி கட்டி கட்டியா ஒட்டியிருந்துச்சு. அதுதான் அறுத்திருக்கு. என்னன்னு தெரியுமா?"

எனக்குத் தெரிந்தது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ரேவதியின் வண்டி கழுவுவதற்காக நம் கடையில் இருந்தது. பாய் கடையில் வருஷா வருஷம் நாங்கள் பூஜை போடுவதும், பாயே பொரி கடலை வாங்கிவருவதும் உங்களுக்குத் தெரியும். எல்லா வண்டிக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தது நான்தான். வண்டியில் எது ரொம்பப் பளபளப்பாக இருக்கிறதோ அங்கே வைப்பது என் வழக்கம். அந்த வண்டியில் பளபளப்பான இடம் ஷாக்கின் தண்டு. நாலு விரலால் அழகாக இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். அது காய்ந்து கட்டியாகி, ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் உள்ளே போய் வந்திருக்கிறது. அதற்குப் பிறகு ரேவதி மூன்று தடவை காற்று குறைகிறது என்று வந்தாள். மூன்று தடவையும் ஏன் குறைகிறது என்று கேட்காமல் அடித்து அனுப்பினேன். அந்த வாளிக்குள் கிடந்த வெடியைத் தயார் செய்தவனே நான்தான்.

நான் அதை யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கலாம். பாய்கூட, "வுடுய்யா, பொண்ணு ஜெயிச்சிடுச்சி இல்ல" என்றார். இரண்டு நாள் அப்படியே இருந்தும் பார்த்தேன். மூன்றாம் நாள் பஸ் ஏறிப் புள்ளலூர் போனேன்.

ஏழுமலை களத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். அங்கேயே நின்றபடி சந்தனத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். ரேவதியும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் முடித்ததும் அவள் சிரித்துவிட்டாள். "அடுத்த வருசம் பெல்லு மேல வைங்க மாமா" என்றாள். தேர்வில் ஜெயித்தவளுக்குச் சிரிப்பது சுலபம் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கிற்று. காபி போடுகிறேன் என்று வீட்டுக்குள் போனாள்.

ஏழுமலை சிரிக்கவில்லை. போட்டோவைக் காட்டு என்றார். என் போனை வாங்கி, வெயில் படாமல் கையால் மறைத்துக்கொண்டு, அந்த உப்பிய தகட்டை வெகுநேரம் பார்த்தார்.

"அன்னிக்கி நீ குடுத்திருந்தா," என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். "குடுத்திருந்தா பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருப்போம் மேஸ்திரி. அவன் திருப்பறதுக்கு யார்னா கெட்டியாப் புடிச்சிக்கணும்னு சொல்லியிருப்பான். எனக்குத்தான் கைல ஆணி விழுந்துகீது, அழுத்திப் புடிக்க வராது. இவகிட்டதான் குடுத்திருப்பேன். புடிச்சிக்கம்மான்னு நான்தான் குடுத்திருப்பேன்."

ரேவதி இரண்டு கையிலும் இரண்டு டம்ளரோடு வெளியே வந்தாள். எனக்கு ஒன்று கொடுத்தாள். இன்னொன்றை அவரிடம் நீட்டினாள். அவர் டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அவள் இரண்டு கையையும் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டார்.

"இன்னா நைனா, இன்னா ஆச்சி?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.